படுக்கையில் தொலைந்த நடை

வியாதி தீர்ந்து வீடு திரும்புவது வேறு, வியாதிக்கு முன்பு எந்த நிலையில் இருந்தோமோ அந்த நிலைக்குத் திரும்புவது வேறு என்பதை, வயது முதிர்ந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அழைத்து வந்த குடும்பங்கள் தங்கள் அனுபவத்திலேயே அறிந்திருக்கின்றன. நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகத் தம் காலால் நடந்து சென்று ஆட்டோவில் ஏறிய எழுபத்தைந்து வயதுப் பெரியவர், பத்து நாள் சிகிச்சைக்குப் பிறகு, நுரையீரல் தெளிந்து, காய்ச்சல் நீங்கி, ரத்தப் பரிசோதனைகள் யாவும் திருப்திகரமாக அமைந்திருக்கையில், இருவர் இருபுறமும் தாங்கிப் பிடிக்க இறங்கி வருகிறார். வைத்தியம் தன் காரியத்தைச் செவ்வனே முடித்துவிட்டது. ஆயினும் அவர் இனித் தனியாகக் குளிக்க இயலாது. வேட்டியைத் தாமாக உடுத்த இயலாது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் இன்னொருவர் விழித்திருந்து கூடப் போக வேண்டும். இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், ‘வயசாயிட்டுல்லா’ என்று ஊரார் அமைதி கூறுகிறார்கள். பத்து நாளில் எவருக்கும் அவ்வளவு வயது ஏறிவிடாது. அந்தப் பத்து நாளில் அவர் சரீரத்துக்குள் நிகழ்ந்தவை என்ன, அவற்றுள் தவிர்த்திருக்கக் கூடியவை எவை என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலை இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் ஒரு மனிதனின் சுவாதீனத்தை அளக்க வேண்டுமானால் அவன் வாழும் ஊரின் தரையிலிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும். விசைத்தறிகள் ஓடும் தெருக்களும் பூச்சந்தையும் சுற்றிலும் கரிசல் கிராமங்களும் கொண்ட இவ்வூரில், முதியவர்களின் நாள் பெரும்பாலும் தரைமட்டத்திலேயே கழிகிறது. பாயில் படுத்து எழுவதும், சம்மணமிட்டு உண்பதும், தறிக்காரர் வீடுகளில் தார் சுற்றிக் கொடுப்பதும், பூத்தொடுப்பதும், குழாயடியிலிருந்து அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் சுமந்து வாசற்படி ஏறுவதும், குத்திட்டு அமர்ந்து மலம் கழிப்பதும் அவர்களுக்கு நித்திய கருமங்கள். ஆண்டுக்கொரு முறை ஆடித்தபசு வருகிறது. சங்கரலிங்கமும் சங்கரநாராயணரும் கோமதி அம்மனும் கோவில் கொண்டுள்ள வளாகத்தை நூற்றுக்கணக்கான முறை வலம் வரும் ‘ஆடிச்சுற்று’ என்ற நேர்த்தி இங்கே வழங்கி வருகிறது. ஒற்றைக் காலில் தபசு நின்ற அம்மனின் கால்வலியைப் பக்தர்கள் நடந்து தாங்கிக்கொள்வதாக ஐதீகம். போன வருஷம் எத்தனை சுற்று, இந்த வருஷம் எத்தனை சுற்று என்று கணக்குச் சொல்லும் மூதாட்டி, தன் தேகநிலையை எந்த வைத்தியரைக் காட்டிலும் கூர்மையாக அறிந்து வைத்திருக்கிறாள் என்பது என் அபிப்பிராயம்.

நோயாளிக்குப் படுக்கையே முதல் மருந்து என்ற நம்பிக்கை மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வைத்தியம் அதைச் சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டது. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரையிலும் அசையாது கிடத்துவதும், பிரசவித்தவளையும் அறுவை செய்துகொண்டவரையும் நாள்கணக்கில் எழவிடாது வைத்திருப்பதும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எவரும் கேள்வி கேளாத வழக்கங்களாக இருந்தன. அக்கேள்வியை ஓங்கிக் கேட்டவர்களுள் ஒருவர் லண்டன் வைத்தியர் ரிச்சர்ட் ஆஷர். 1947-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், படுக்கைக்குப் போவதன் அபாயங்களைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை, நுரையீரல், ரத்தக் குழாய், தோல், தசை, எலும்பு, சிறுநீர்ப்பை, குடல், மனம் என்று ஒவ்வோர் அவயவமாக எடுத்துக்கொண்டு, படுத்தே கிடப்பதால் அதற்கு விளையும் கேட்டை எடுத்துரைத்தது. ஐந்தாண்டு கழித்து, 1952-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லோன் என்ற இருவரும் மாரடைப்பு நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, அது தீங்கு செய்யவில்லை என்பதைக் காட்டினார்கள்.

பிறகு இவ்விஷயம் வேறொரு திக்கிலிருந்தும் உறுதிப்பட்டது. 1970 ஜூனில் சோயுஸ் 9 விண்கலத்தில் 18 நாள் எடையின்றி மிதந்து திரும்பிய ருஷ்ய விண்வெளி வீரர் இருவரும், பூமியில் இறங்கியதும் நிற்கவே சிரமப்பட்டார்கள். கால்கள் பாரம் சுமக்காவிட்டால் திடகாத்திரனுக்கும் இக்கதிதான் என்று கண்ட விஞ்ஞானிகள், விண்வெளி வாசத்தின் விளைவுகளைத் தரையிலேயே ஆராய்வதற்கு, ஆரோக்கியமானவர்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பதையே ஒரு பரிசோதனை முறையாகக் கொண்டனர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1966-இல், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்து அவர்களுடைய உழைப்புத் திறனை அளந்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் தேடிப் பிடித்து மறுபடி அளந்தபோது, முப்பதாண்டு வயோதிகம் குறைத்த திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த திறன் அதிகமாக இருந்தது. இருபது வயதில் இழந்ததை அவர்கள் பயிற்சியால் மீட்டுக்கொண்டார்கள். எழுபத்தைந்து வயதில் அந்த மீட்சி தானாக வருவதில்லை.

இதற்குக் காரணம் தசையின் சுபாவத்தில் இருக்கிறது. நம் தசைகள் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கரைந்து, நாள்தோறும் மறுபடி கட்டப்படுகின்றன. மறுபடி கட்டுவதற்கு வேண்டிய உத்தரவு, உண்ணும் புரதத்திலிருந்தும், உடலின் பாரத்தைக் கால்கள் சுமப்பதிலிருந்தும் பிறக்கிறது. முதுமையில் இந்த உத்தரவுக்குத் தசை மந்தமாகவே செவிசாய்க்கிறது. அந்நிலையில் ஒருவரைப் படுக்க வைத்தால் உத்தரவில் பாதி நின்றுபோகிறது. ஸ்கேன் எடுக்கவும் எண்டோஸ்கோபிக்கும் பட்டினி போட்டு, மீதி வேளைகளில் பிரெட்டும் ரவைக்கஞ்சியும் கொடுத்தால் மற்றப் பாதியும் நின்றுவிடுகிறது. போதாதற்கு, கிருமியோடு போராடும் சரீரம் தனக்கு வேண்டிய மூலப்பொருளுக்காகத் தசையையே உடைத்து எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோர்ட்பைனும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எந்த நோயும் இல்லாத, சராசரி 67 வயதுடைய முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததில், கால்களிலிருந்து மாத்திரம் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்திருந்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, பசியின்மை இல்லை, வேளைக்கு ஆகாரமும் கிடைத்தது. காய்ச்சலும் பசியின்மையும் பட்டினியும் சேர்ந்துகொள்ளும் நோயாளியின் நஷ்டம் எவ்வளவு இருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு கிலோ தசை குறைந்ததற்காக ஒருவர் நடையையே இழந்துவிடுவாரா என்று வாசகர் கேட்கக்கூடும். திருநெல்வேலிச் சீமையில் குளத்துப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குளத்து நீர் மடையின் வாய்க்கு மேல் நிற்கும் வரை, அது ஒரு முழம் நிற்கிறதா நான்கு முழம் நிற்கிறதா என்பது வயலுக்குத் தெரிவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மடை வாய்க்குக் கீழே ஒரு சாண் இறங்கிவிட்டால், குளத்தில் இன்னும் எவ்வளவோ நீர் கிடந்தும் வயலுக்கு ஒரு சொட்டும் வராது. நாற்பது வயதுக்காரர் நாற்காலியிலிருந்து எழுவதற்குத் தம் தொடைவலிமையில் ஒரு பகுதியைத்தான் செலவிடுகிறார். எழுபத்தெட்டு வயது மூதாட்டியோ அதே காரியத்துக்குத் தன்னிடம் உள்ள வலிமை முழுவதையும் திரட்டுகிறாள். அவளுக்குச் சேமிப்பு இல்லை. பத்து நாள் இழப்பு இளையவரைச் சற்றே சோர்வுறச் செய்யும். அவளை மடைக்குக் கீழே இறக்கிவிடும். மேலும், தரையிலிருந்து எழுவதற்கு நாற்காலியிலிருந்து எழுவதைவிட அதிக வலிமை வேண்டியிருப்பதால், பாயும் குத்துக்கால் கழிவறையுமாக வாழும் நம் முதியவர்களுக்கு அந்த மடை மிக உயரத்தில் அமைந்திருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தசையோடு நஷ்டம் முடிவதில்லை. நிற்கையில் கால்களில் தங்கும் ரத்தம், படுத்தவுடன் மார்புப் பகுதிக்குத் திரும்புகிறது. நீர் மிகுந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. ஓரிரு நாளிலேயே ரத்தத்தின் திரவ அளவு குறைந்து, எழுந்து நிற்கும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கித் தலைக்கு ரத்தம் அனுப்பும் அனிச்சைச் செயலும் மங்குகிறது. ஐந்தாம் நாள் கட்டிலை விட்டு எழுபவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வருவது இதனாலேயே. அந்த ஒரு தலைசுற்றலைக் கண்டு பதறி, ‘இனி எந்திக்கவே வேண்டாம்’ என்று எல்லோருமாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். அத்தீர்மானம் அடுத்த தலைசுற்றலை இன்னும் கடுமையாக்குகிறது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரைந்து சிறுநீரில் போகிறது, மல்லாந்து கிடப்பவரின் நுரையீரல் அடிப்பாகம் விரிவதில்லை, குடல் மந்திக்கிறது, இடுப்பெலும்புக்கும் கட்டிலுக்கும் இடையே நசுங்கும் தோலில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் தோன்றுகிறது.

சித்தத்துக்கு நேரும் குழப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதைக் கண்டு குடும்பத்தார் அஞ்சுவதுபோல் வேறெதைக் கண்டும் அஞ்சுவதில்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசிய ஆச்சி, மூன்றாம் நாள் ராத்திரி இறந்துபோன தமக்கையைக் கூப்பிடுகிறாள். கையில் ஏறும் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்குகிறாள். பெற்ற மகனையே யாரென்று வினவுகிறாள். புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். இது பெரும்பாலும் தற்காலிகமான சித்தக் குழப்பம். கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சில தூக்க மாத்திரைகள், வலி, மலச்சிக்கல், உறக்கமின்மை ஆகியவற்றோடு, பழகாத இடமும் இரவெல்லாம் அணையாத விளக்கும் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன. தொலைந்துவிடுமே என்று மூக்குக் கண்ணாடியையும் பல்செட்டையும் காது கேட்கும் கருவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நம் வழக்கம். பார்வையும் செவியும் இல்லாமல் அந்நிய இடத்தில் கிடக்கும் ஒருவர் குழம்பாமல் இருந்தால்தான் வியப்பு. சிறுநீர் பிரியக் குழாய் போட்டுப் பையைக் கட்டிலில் தொங்கவிடுவது, ஆளைக் கட்டிலோடு கட்டிவைப்பதற்குச் சமமாகிவிடுகிறது. அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமித் தொற்றின் அபாயமும் ஏறுகிறது. அவசியம் நீங்கியவுடன் குழாயை எடுக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை.

இந்த நஷ்டம் எத்தனை பேருக்கு நேர்கிறது? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆஸ்பத்திரிகள் இரண்டில் சேர்ந்த, 70 வயது கடந்த 2,293 நோயாளிகளை ஆராய்ந்த கென்னத் கோவின்ஸ்கி, 2003-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் 35 சதவீதத்தினர், நோய்க்கு முன் தாமாகச் செய்துவந்த அன்றாடக் காரியங்களுள் ஒன்றையேனும் இழந்த நிலையில் வீடு திரும்பினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த 35-இல் 23 சதவீதத்தினர் ஆஸ்பத்திரிக்கு வருமுன்னரே நோயினால் திறன் குன்றி, உள்ளே இருந்த நாள்களில் அதை மீட்டுக்கொள்ளத் தவறியவர்கள். 12 சதவீதத்தினர் உள்ளே வந்தபின் இழந்தவர்கள். ஆகவே குற்றம் முழுவதையும் ஆஸ்பத்திரியின் மீது சுமத்துவது நியாயமாகாது. நோய் தள்ளிவிட்ட இடத்திலிருந்து தூக்கி நிறுத்தும் வேலையை அங்கே எவரும் தம் வேலையாக எண்ணவில்லை என்பதே உண்மை. இப்படிப் புதிதாகத் திறன் இழந்து திரும்பியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆராய்ச்சி 2008-இல் வெளிவந்தது: 41 சதவீதத்தினர் அவ்வாண்டுக்குள் இறந்துவிட்டார்கள், 29 சதவீதத்தினர் உயிரோடிருந்தும் பழைய நிலையை எட்டவில்லை, பழையபடி ஆனவர்கள் 30 சதவீதத்தினர் மட்டுமே. இழந்த நடை ஒரு சௌகரியக் குறைவு மாத்திரமன்று என்பதை இக்கணக்கு தெரிவிக்கிறது.

நோயாளிகள் உண்மையில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்கள் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் சின்டியா பிரவுன் என்ற வைத்தியர், நோய்க்கு முன் நடமாடிக்கொண்டிருந்த முதிய மாஜி ராணுவத்தினரின் காலில் அசைவு காட்டும் சிறு கருவியைப் பொருத்தி ஆராய்ந்தபோது, ஆஸ்பத்திரி நேரத்தில் 83 சதவீதத்தை அவர்கள் படுத்தே கழித்தது தெரிந்தது. நின்றதும் நடந்ததுமாகச் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 43 நிமிஷம்.

இனி நம் ஊருக்கு வருவோம். சங்கரன்கோவிலிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. நோய் முற்றினால் தென்காசிக்கோ, அறுபது கிலோமீட்டர் அளவுக்குச் சாலைவழி சென்று பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கொண்டுசெல்கிறார்கள். வசதியுள்ளவர்கள் மதுரைக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் பொதுவாகக் காணும் காட்சி ஒன்றே. ஆயுள் முழுவதும் பாயில் படுத்தெழுந்த குள்ளமான மூதாட்டிக்கு, கால் தரையில் எட்டாத உயரத்தில் இரும்புக் கட்டில் கிடைக்கிறது. கழிவறை வார்டின் கோடியில் இருக்கிறது, தரை ஈரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தால் அதிர்ஷ்டம். கட்டிலின் கால்மாட்டில் மகளோ மருமகளோ அமர்ந்திருக்கிறாள். மூதாட்டி மெல்ல எழ முயன்றால், ‘அத்தே, நீங்க ஏன் எந்திக்கீங்க? படுத்துக்கிடுங்க, நான் எடுத்துத் தாரேன்’ என்று அவள் தடுத்துவிடுகிறாள். ஊட்டிவிடுகிறாள், தலைவாரிவிடுகிறாள், பெட்பேன் வைத்து எடுக்கிறாள். பார்க்க வந்த உறவினர்கள் அவளை மெச்சுகிறார்கள். அவளுடைய அன்பு மெய்யானது. அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பின் ஒவ்வொரு செய்கையும், மாமியாருடைய கைகால்களுக்கு எஞ்சியிருந்த ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அன்றாடக் காரியங்களை எண்ணிக்கையாக அளக்கும் முறையை 1963-இல் வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்க வைத்தியர் சிட்னி காட்ஸ். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணுதல் என்ற ஆறையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். குளிக்கும் திறன் முதலில் போவதும், உண்ணும் திறன் கடைசி வரை நிற்பதும், மீளும்போது உண்ணுதல் முதலில் திரும்பி, குளித்தல் கடைசியாகத் திரும்புவதும் குழந்தையின் வளர்ச்சி வரிசையை ஒத்திருப்பதை அவர் கவனித்தார். இந்த வரிசை ஒரு குடும்பத்துக்கு மிக உபயோகமானது: ஒருவருக்குத் தாமாகவே உண்ண முடிகிறதென்றால், ஊட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு, உடுத்துவதில் மட்டும் துணை செய்யலாம். காட்ஸின் அளவுகோலில் தரையிலிருந்து எழுவதும் குத்திட்டு அமர்வதும் தனியே இடம் பெறவில்லை. நம் வீடுகளுக்காக அளப்பவர்கள் அவ்விரண்டையும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பரிகாரம் உண்டு என்பதை லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியர் 1935-இலேயே கண்டார். ஏழைகள் விடுதியிலிருந்து அவர் பொறுப்புக்கு வந்த 714 பேரில், தீராதவர்கள் என்று ஒதுக்கிப் படுக்கையிலேயே விடப்பட்டவர்கள் அநேகர்; அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கி, பலரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். முதியோர் வைத்தியம் ஒரு துறையாக உருப்பெற்றதில் அவர் பங்கு பெரிது. நம் நாட்டில் அத்துறைக்கு வித்திட்டவர் டாக்டர் வி. எஸ். நடராசன், சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் முதியோருக்கான பிரிவு தொடங்கியது அவருடைய முயற்சியால்தான், 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறையில் மேற்படிப்பும் ஏற்பட்டது.

ஸ்பெயின் நாட்டில் பாம்ப்லோனா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த பரிசோதனை என்னை மிகவும் கவர்ந்தது. சராசரி 87 வயதுடைய 370 நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையும், மறு பகுதியினருக்கு அதோடு காலையும் மாலையும் சிறிது நேரம் எழுந்து அமரும் பயிற்சியும், கால்வலிமைப் பயிற்சியும், நடையும் சில நாள் அளித்தார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, அன்றாடத் திறனை நூறு புள்ளிகளால் அளக்கும் பார்த்தெல் அளவுகோலில் முதல் பகுதியினர் சராசரி 5 புள்ளி இழந்தார்கள். இரண்டாம் பகுதியினர் இழக்கவில்லை என்பதோடு, ஏறக்குறைய 2 புள்ளி கூடப் பெற்றார்கள். நோயும் அதே, வயதும் அதே, ஆஸ்பத்திரியும் அதே. எண்பத்தேழு வயதில், நோயுற்றிருக்கையிலேயே, தசை இன்னும் உத்தரவுக்குச் செவிசாய்க்கிறது என்பதைவிட நம்பிக்கையூட்டும் செய்தி முதியோர் வைத்தியத்தில் அரிது.

சித்தக் குழப்பத்தைத் தடுக்க அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் ஷாரன் இனோய் 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு இணையானது. 70 வயது கடந்த 852 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குச் சில எளிய உபசாரங்களை ஒழுங்காகச் செய்தார்கள்: இன்று என்ன கிழமை, எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எடுத்துச் சொல்வது, கண்ணாடியை அணிவிப்பது, நாளில் மும்முறை நடத்துவது, தூக்க மாத்திரைக்குப் பதிலாக இரவில் சூடான பால் கொடுத்து முதுகைத் தடவிவிடுவது, தண்ணீர் குடிக்கச் செய்வது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 15 சதவீதத்தினருக்கு வந்த குழப்பம், இவர்களுள் 9.9 சதவீதத்தினருக்கே வந்தது. இவ்வுபசாரங்களைச் செய்ய அங்கே தொண்டர்களைத் தேடிப் பிடித்து, பழக்கி, முறைவைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஏனெனில் அந்நாட்டு வார்டுகளில் உறவினர் இரவும் பகலும் உடனிருப்பது வழக்கமில்லை. நம் வார்டிலோ கால்மாட்டில் ஒருத்தி ஏற்கனவே அமர்ந்திருக்கிறாள். நோயாளியின் பேச்சும் பழக்கமும் பசியும் அறிந்தவள், கூலி கேட்காதவள், ராத்திரியும் அகலாதவள். மற்ற நாட்டார் பொருள் செலவிட்டு உண்டாக்கிய ஏற்பாடு நமக்கு வழக்கத்திலேயே வாய்த்திருக்கிறது. அவளிடம் ‘படுக்க வையுங்கள்’ என்று சொல்வதற்குப் பதிலாக, எப்போது, எவ்வாறு, எத்தனை அடி நடத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, நர்ஸ் ஒருவருக்குக் கால்மணி நேரம் ஒதுக்கித் தருவதுதான் பாக்கி.

முறியெலும்பு இன்னும் பொருத்தப்படாதவர், மூச்சோ ரத்த அழுத்தமோ நிலைகொள்ளாதவர் போன்ற சிலருக்குப் படுக்கை அவசியமே. அதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். மற்றவர்கள் விஷயத்தில், ரவுண்ட்ஸ் வரும் வைத்தியரிடம் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பதோடு, இன்று எழுந்து நாற்காலியில் உட்காரலாமா, கழிவறைக்கு நடக்கலாமா என்றும் தினந்தோறும் கேட்க வேண்டும். முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிஷம் அமர்ந்து, தலை சுற்றாவிட்டால் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு நடப்பது முறை. காலுக்குப் பிடிப்புள்ள செருப்பு வேண்டும். ஆகாரத்தில், நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை என்று நிபுணர்கள் கூறுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது 60 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. பிரெட்டையும் கஞ்சியையும் மட்டும் நம்பினால் இந்த அளவின் பாதியைக்கூட எட்ட முடியாது. பால், தயிர், முட்டை, மீன், குழைய வேகவைத்த பருப்பு ஆகியவற்றைப் ‘பத்தியம்’ என்று ஒதுக்கிவைப்பது, பெரும்பாலான நோய்களில் முதியவரின் தசைக்கே கேடு.

வீடு திரும்பியபின் வரும் பாரத்தைப் பற்றி நம் கணக்குப் புத்தகங்களில் எங்கும் எழுதுவதில்லை. தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி இதுவே அதிகம். அவர்களுள் ஒருவர் நடையை இழந்தால், தறி ஓட்டும் வீட்டில் ஒருத்தியின் கூலி நிற்கிறது, அல்லது பள்ளி முடித்த பேத்தியின் மேற்படிப்பு நிற்கிறது. ஆள் வைத்துப் பார்க்க வசதியுள்ளவர்கள் சிலரே.

அரசாங்கம் இதை முற்றிலும் கவனியாமல் இல்லை. முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. சென்னை கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் மருத்துவ மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் கிண்டி சங்கரன்கோவிலிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தூரம். இவ்வூர்க்காரருக்குக் கைக்கெட்டும் உதவி, 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டந்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை தருவதற்காகப் பெயர் பெற்ற அத்திட்டத்தில், வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லித்தரும் இயன்முறை சிகிச்சையும் ஓர் அங்கமாக இருக்கிறது என்பதைப் பலர் அறியார். ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டில், சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று எழுதும் இடத்துக்குக் கீழே, சேரும்போது தனியாக நடந்தார், போகும்போது ஒருவர் பிடிக்க நடக்கிறார் என்ற இரண்டு வரியை எழுதி, அதன் பிரதி ஒன்று அந்தப் பகுதி இயன்முறை சிகிச்சையாளரின் கைக்குப் போய்ச் சேருமானால், அவர் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்பது அவருக்கு விளங்கும்.

பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்ற செய்தி கேட்டதும், சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி மறுநாள் காலையில் வந்து இறங்குகிற மகன், கிடைத்த விடுப்பையெல்லாம் வார்டு வராந்தாவில் கழித்துவிட்டு, டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கே ராத்திரி ரயிலில் திரும்பிவிடுகிறார். வார்டிலாவது நர்ஸ் இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார். தாய்க்குத் துணை மிகமிக வேண்டியிருப்பது வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில். சேர்த்தவுடன் இரண்டு நாள் இருந்து பார்த்து, தங்கையோ தம்பியோ பொறுப்பேற்றுக்கொண்டால் விடுப்பின் பெரும்பகுதியை அந்த இரண்டு வாரத்துக்கென்று வைத்துக்கொள்வது உசிதம். அந்நாள்களில் அவர் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல: வேளைக்கு ஒரு முறை நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து அமரச் செய்வது; காலையும் மாலையும் தெருமுனை வரை, பிறகு அதற்கடுத்த முனை வரை கூட நடப்பது; கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிப்பது; தாய் தாமாகச் செய்ய முடிந்ததைத் தாமதமானாலும் தாமே செய்து முடிக்கும் வரை காத்திருப்பது; கால்வலிமை ஓரளவு திரும்பியபின், கட்டில் விளிம்பைப் பிடித்துத் தரையிலிருந்து எழும் பயிற்சியை, இயன்முறை சிகிச்சையாளர் காட்டிய விதத்தில், பக்கத்தில் நின்று செய்விப்பது.